மங்கோலியாவையும் கொங்கணியையும் விட்டுவிடுங்கள்

போன ஆண்டு ஒரு சிறுகதைப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருத்தனாக இருந்தேன். வந்த கதைகளில் ஒன்று முழுக்க ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. எழுதியவள் கல்லூரி மாணவி. தொடக்கப் பள்ளியைச் சீனப்பள்ளியில் படித்ததால் தமிழ் எழுதத் தெரியாது, பேசத்தான் தெரியும் என்று மேலே ஒரு வரி போட்டிருந்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு மலாய் மறந்துபோய், தோட்டத்துத் தமிழ் மட்டும் மிஞ்சிய ஒரு பாட்டி ஆஸ்பத்திரியில் கழிக்கும் ஓர் இரவு. அவ்வளவுதான் கதை. வந்ததிலேயே அதுதான் நல்ல கதை.

நடுவர்களில் பெரியவர் தாளைத் தொடவே இல்லை. "தம்பி, மங்கோலியாக்காரன் என்ன ஆனான்? எழுத்த விட்டான், மொழி போச்சு" என்றார். இன்னொருவர், என்னைவிட இளையவர், சும்மா விடவில்லை. "ஐயா, கொங்கணிய பாருங்க. அஞ்சு எழுத்துல எழுதுறாங்க. என்ன கெட்டுப்போச்சு?" அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் விதிமுறையில் 'தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்' என்று இருப்பதைக் காட்டி, கதையை விலக்கலாம் என்று பெரியவர் சொன்னார். நானும் கை தூக்கினேன்.

அதன் பிறகு சில மாதங்கள் இந்த இரண்டு மொழிகளையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. படித்து முடித்ததும் தெரிந்தது: அந்த அறையில் இரண்டு பேரும் சொன்னது தப்பு. பெரியவர் மங்கோலியாவைத் தெரியாமல் பேசினார், இளையவர் கொங்கணியைத் தெரியாமல் பேசினார். நான் இரண்டையும் தெரியாமல் வாக்களித்தேன்.

முதலில் மங்கோலியா. பெரியவரின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. செங்கிஸ்கான் 1204இல் நைமான்களை வென்றபோது, அவர்களிடம் எழுத்தராக இருந்த உய்குர்காரர் தாத்தா துங்காவைப் பிடித்து, அவர் வழியாகத் தன் மக்களுக்கு எழுத்தைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு சொல்லும் கதை. மேலிருந்து கீழாக ஓடி, பத்தி பத்தியாக இடமிருந்து வலம் நகரும் எழுத்து. ஆனால் அதோடு அவர்கள் நிற்கவில்லை. குப்ளாய்கான் காலத்தில், 1269இல், திபெத்திய லாமா பக்பா ஒரு சதுர எழுத்தை உருவாக்கினார். 1648இல் சாயா பண்டிதர் மேற்கு மங்கோலியர்களுக்காகத் 'தெளிவான எழுத்து' செய்தார். 1686இல் ஜனபஜார் சொயோம்பு என்ற எழுத்தைச் செய்தார். அதன் ஒரு சின்னம் இன்றும் மங்கோலியக் கொடியில் இருக்கிறது. எழுத்து மாற்றினாலே மொழி போய்விடும் என்றால் மங்கோலிய மொழி இருபதாம் நூற்றாண்டுக்கே வந்து சேர்ந்திருக்கக் கூடாது.

பெரியவர் சொன்னது கடைசி மாற்றத்தை. அது வேறு கதை. 1937 முதல் 1939 வரை மங்கோலியாவில் ஸ்டாலினின் நிழலில் நடந்த களையெடுப்பில் 20,000க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானோர் லாமாக்கள். மடங்கள் இடிக்கப்பட்டன, ஏடுகள் எரிந்தன. இதற்குப் பிறகுதான் எழுத்து மாறியது. 1941 பிப்ரவரியில் லத்தீன் எழுத்து என்றார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச்சிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சிரிலிக் பக்கம் போனார்கள். ரஷ்ய எழுத்துகளோடு மங்கோலிய உயிரொலிகளுக்காக இரண்டே இரண்டு எழுத்துகளைக் கூட்டி, மொத்தம் 35. 1946 ஜனவரி 1 முதல் அதுதான் அரசின் எழுத்து.

அந்தப் புதிய எழுத்துமுறைக்கு விதிகள் வகுத்தவர் யார் தெரியுமா? மாஸ்கோ அதிகாரி அல்ல. செந்தீன் தம்தின்சுரேன், அந்த மொழியின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர். அவருடைய சமகாலத்தவரும் எதிர்வாதியும் ப்யாம்பின் ரிஞ்சென். 1937இல் கைதாகி ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர். இரண்டு பேரும் நாவலும் கவிதையும் எழுதியவர்கள், அறிஞர்கள். துரோகி ஒருத்தன், காவலன் ஒருத்தன் என்று மேடையில் கதை சொல்வது சுலபம். ஆனால் தம்தின்சுரேனுக்கு முன்னால் இருந்த சிக்கல் உண்மையானது. பழைய எழுத்து பல நூற்றாண்டுக்கு முந்தைய உச்சரிப்பில் உறைந்து நிற்கிறது. தலைநகரின் பெயரை அதில் எழுத்துக்கூட்டினால் 'உலகன் பகதூர்' மாதிரி வரும். வாசிப்பதோ 'உலான் பாத்தர்'. (ராவ் பகதூர் பட்டத்தில் வரும் அதே பகதூர்தான். பாரசீகம் வழியாக நம் ஊருக்கு வந்த சொல்.) 'வந்துகொண்டிருக்கிறான்' என்று எழுதி 'வந்துட்டிருக்கான்' என்று நாம் பேசுகிறோமே, அதைப் போலப் பல மடங்கு. அதில் 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ளதுபோன்ற வேறுபாடுகள் சில இடங்களில் வடிவத்தில் தெரியாது; சொல்லைத் தெரிந்தவன்தான் சரியாக வாசிக்க முடியும். சிரிலிக் இதையெல்லாம் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த ஒரு மேய்ச்சல் நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாரும் வாசிக்கிறார்கள்.

மொழி போச்சா? போகவில்லை. உலான் பாத்தரில் நாடாளுமன்றம் மங்கோலிய மொழியில் நடக்கிறது. நாவல் வருகிறது, ராப் பாடுகிறார்கள், பஸ்ஸில் சண்டை போடுகிறார்கள்.

போனது என்னவென்றால் அலமாரி. 1940களுக்கு முன்னால் எழுதப்பட்ட எதையும், தன் தாத்தாவின் கடிதம் உட்பட, சாதாரண மங்கோலியனால் நேரடியாக வாசிக்க முடியாமல் போனது. 1990இல் மக்களாட்சி வந்ததும் அடுத்த ஆண்டே பழைய எழுத்துக்குத் திரும்புவோம் என்று தீர்மானம் போட்டார்கள். 1994க்குள் முடிப்பதாகத் திட்டம். முடியவில்லை, கைவிட்டார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கினால் போதும். ஒரு நாடே அ, ஆ-வில் தொடங்கி மறுபடி படிக்க வேண்டுமென்றால் ஆசிரியர் வேண்டும், பாடநூல் வேண்டும், பணம் வேண்டும். 2015இல் இன்னொரு சட்டம். அதன்படி 2025 தொடக்கத்திலிருந்து அரசு ஆவணங்கள் இரண்டு எழுத்திலும். கழற்றி எறிய ஐந்தாண்டு, திரும்பப் பாதி போட்டுக்கொள்ளவே எண்பதாண்டு.

இப்போது எல்லையைத் தாண்டிச் சீனாவுக்குள் வாருங்கள். உள் மங்கோலியாவில் யாரும் எழுத்தை மாற்றவில்லை. அதே செங்குத்து எழுத்து, கடைப் பலகையில், அரசுக் கட்டடத்தில். சீன ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில்கூட அந்த எழுத்து ஒரு மூலையில் இருக்கிறது. பெரியவரின் கணக்குப்படி மொழி பத்திரமாக இருக்க வேண்டிய இடம் இது. 2020 செப்டம்பரில் என்ன நடந்தது? மங்கோலிய வழிப் பள்ளிகளில் மொழி இலக்கியப் பாடத்தை மாண்டரினுக்கு மாற்றினார்கள். அரசியலும் வரலாறும் அடுத்தடுத்த ஆண்டுகளில் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். கைதுகள் நடந்தன. எழுத்து நோட்டில் இருக்கிறது, வகுப்பறையில் மொழி சுருங்குகிறது.

எழுத்தை இழந்த பக்கத்தில் மொழி தெம்பாக இருக்கிறது. எழுத்தைக் காப்பாற்றிய பக்கத்தில் பிள்ளைக்கு அந்த மொழியில் பாடம் இல்லை. இதை வைத்துக்கொண்டு 'எழுத்துதான் மொழி' என்று யாராவது மேடையில் சொன்னால், தயவுசெய்து மங்கோலியாவை உதாரணம் காட்ட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மங்கோலியர்களின் மிகப் பழைய இலக்கியம் 'மங்கோலியர்களின் இரகசிய வரலாறு'. 13ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்டது. அதன் மூலப்பிரதி அவர்களுடைய எழுத்தில் இன்று இல்லை. சீன எழுத்துகளை வெறும் ஒலிக்காகப் பயன்படுத்தி, மங்கோலிய மொழியை அசை அசையாக எழுதிவைத்த பிரதிதான் நமக்குக் கிடைத்தது. மிங் காலத்தில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மொழி கற்றுத்தர அது பயன்பட்டது. அதாவது அயலான் எழுத்தில் இருந்ததால்தான் செங்கிஸ்கானின் கதை தப்பித்தது. அதை நவீன மங்கோலிய மொழிக்குக் கொண்டுவந்து 1947இல் வெளியிட்டவர் அதே தம்தின்சுரேன். அன்றைய எங்கள் நடுவர் குழு அங்கே இருந்திருந்தால் அந்தப் பிரதியையும் விலக்கியிருப்போம்.

இளைய நண்பர் இதற்குள் சிரித்துக்கொண்டிருப்பார். அவருக்கும் சொல்ல இருக்கிறது.

கொங்கணிக்கு ஐந்து எழுத்து என்பது உண்மை. கோவாவின் இந்துக்கள் தேவநாகரியில் எழுதுகிறார்கள், கத்தோலிக்கர்கள் ரோமனில். மங்களூர்க்காரர்களுக்குக் கன்னட எழுத்து, கேரளத்தில் மலையாள எழுத்தும் உண்டு, பட்கல் நவாயத் முஸ்லிம்களுக்கு அரபு-பாரசீக எழுத்து. 2011 கணக்கெடுப்பில் இந்த மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 22 லட்சம் பேர். 22 லட்சம் பேருக்கு ஐந்து எழுத்து! இதைப் பார்த்து "என்ன அழகான பன்மை" என்று சொல்லத் தோன்றும். மங்களூரில் 1938 முதல் கன்னட எழுத்தில் வரும் கொங்கணி வாரப் பத்திரிகை 'ராக்ணோ'. கோவாவில் 1933 முதல் ரோமன் எழுத்தில் வருவது 'வாவ்ராட்யாஞ்சோ இஷ்ட்', உழைப்பாளிகளின் நண்பன் என்று பொருள். ஒரே மொழி. வாசித்துக் காட்டினால் இவருக்கும் அவருக்கும் ஓரளவு புரியும். ஆனால் இவர் அதை எடுத்து வாசிக்க முடியாது, அவர் இதை வாசிக்க முடியாது. ஏற்கனவே சின்ன வாசகர் கூட்டம். அதை ஐந்தாகக் கூறுபோட்டால் ஒரு கவிதைத் தொகுப்பு எத்தனை பிரதி விற்கும்? 'என்ன கெட்டுப்போச்சு' என்று கேட்பவர் ஒரு கொங்கணிப் பதிப்பாளரிடம் போய்க் கேட்கட்டும்.

இந்தப் பன்மை யாரும் ஆசைப்பட்டு வளர்த்த தோட்டமும் இல்லை. 1640இல் ராசோலில் அச்சான தாமஸ் ஸ்டீபன்ஸின் கொங்கணி இலக்கணம் இருக்கிறது. பாதிரிகள் கற்றுக்கொண்ட மொழி. அதே போர்த்துகீசிய அரசு 1684இல் கொங்கணியை விட்டுவிட்டு போர்த்துகீசியம் பேசுங்கள் என்று ஆணை போட்டது. ஓடிப்போனவர்கள் போன இடத்து எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியவர்கள் தேவாலயம் தந்த எழுத்தில் ஒட்டிக்கொண்டார்கள். வாடகை வீடுகள்தான் எல்லாமே.

ஆனால் அந்த ரோமன் எழுத்தை நம் வாட்ஸ்ஆப் தமிழோடு சேர்த்துப் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ரோமி கொங்கணிக்கு முந்நூறு, நானூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. நாமடி ஒலிகளுக்கு எழுத்தை இரட்டிக்க வேண்டும், 'ஷ' ஒலிக்குப் போர்த்துகீசிய வழக்கப்படி எக்ஸ் போட வேண்டும் என்று விதி உண்டு. அதில் நாவல் இருக்கிறது, செய்தித்தாள் இருக்கிறது. 1892 ஏப்ரல் 17 அன்று பம்பாயில் முதல் தியாத்ர் நாடகம் மேடையேறியதிலிருந்து இன்றுவரை கோவாவின் கூட்டம் கூடும் நாடக வடிவம் அதுதான், அதன் பிரதிகள் ரோமி எழுத்தில். நம்முடைய ரோமன் தமிழில் பி-ஏ-எல்-ஏ-எம் என்று ஒருத்தன் அடித்தால் பலமா, பழமா, பாலமா, பள்ளமா? ஆளுக்கொரு கூட்டல். நேற்று நான் அடித்த மாதிரி இன்று நான் அடிப்பதில்லை. அது எழுத்துமுறை அல்ல, அவசரம்.

சரி, அப்படியென்றால் ஐந்தையும் ஒன்றாக்கிவிட வேண்டியதுதானே? கோவா செய்து பார்த்தது. கொங்கணி தனி மொழியே இல்லை, மராத்தியின் கிளைமொழி என்று சொல்லி கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்க்கப் பார்த்தார்கள். 1967 ஜனவரி 16 அன்று மக்களிடம் வாக்கெடுப்பு. இணைய வேண்டாம் என்று 1,72,191 பேர், இணையலாம் என்று 1,38,170 பேர். கொங்கணியைக் காப்பாற்றிய அந்தப் பிரசாரத்தில் பெரிய வேலை செய்தது 'ராஷ்ட்ரமத்' என்ற மராத்தி நாளிதழ் என்பது வேடிக்கை. கொங்கணிக்காரர்களில் பெரும்பகுதிக்கு வாசிக்கத் தெரிந்த மொழி மராத்தி, அதனால் மராத்தியில் எழுதிக் கொங்கணிக்கு வாக்குக் கேட்டார்கள். 1975இல் சாகித்ய அகாதமி கொங்கணியைத் தனி இலக்கிய மொழியாக ஏற்றது. பிறகு தெருவில் இறங்கிப் போராட்டம், உயிர்கள் போயின. 1987இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. இந்துவும் கத்தோலிக்கரும் சேர்ந்து வாங்கிய வெற்றி.

சட்டத்தைத் திறந்து பார்த்தால், கொங்கணி என்றால் தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் கொங்கணி என்று ஒரு வரையறை. ஒரே வரி. தலைமுறை தலைமுறையாக ரோமியில் எழுதி வாசித்து, அதே போராட்டத்தில் நின்ற கத்தோலிக்கர்கள், தங்கள் மொழி ஆட்சிமொழியான அன்றே அந்த மொழியில் எழுத்தறியாதவர்கள் ஆனார்கள். தேவநாகரியைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. ஷெணை கொயம்பாப் காலத்திலிருந்தே, சிதறிய மொழியை ஒட்டவைக்கும் பசை அது என்று நம்பினார்கள். ரவீந்திர கேளேகரும் தாமோதர் மாவ்ஜோவும் ஞானபீடம் வாங்கியது அந்த நம்பிக்கை கட்டிய இலக்கியத்தால்தான். அதை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் விலை யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும். ரோமிக்குச் சம அந்தஸ்து கேட்டு அவர்கள் இன்றும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1990இல் வட்டார மொழிவழித் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டுமே அரசு மானியம் என்றானபோது, தேவாலயப் பள்ளிகள் தேவநாகரிக் கொங்கணிக்கு மாறின. 2011இல் ஆங்கிலவழிக்கும் மானியம் தரலாம் என்றதும், பெரும்பாலான பள்ளிகள் ஆங்கிலத்துக்கே போய்விட்டன. தன்னுடையது என்று தோன்றாத எழுத்துக்காகப் பிள்ளையை நிறுத்திவைக்க எந்தத் தாய் விரும்புவாள்? ஆங்கில ஆசையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தியது யார் என்பதும் கேள்விதான்.

ஒரு பக்கம் களையெடுப்புக்குப் பின் வந்த ஆணை. இன்னொரு பக்கம் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் அன்போடு போட்ட ஒரு வரி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும், ராத்திரி படுத்து விடிவதற்குள் வாசிக்கத் தெரிந்த மனுஷன் வாசிக்கத் தெரியாதவன் ஆனான். என் சண்டை இதோடுதான்.

நமக்கு இது புதுசா? 1554இல் லிஸ்பனில் அச்சான, தமிழில் முதல் அச்சு நூல் என்று நாம் பெருமையடிக்கும் 'கார்த்தில்யா' ரோமன் எழுத்தில் உள்ள தமிழ். விதிமுறைப்படி விலக்க வேண்டியதுதான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று ஓர் அலமாரியே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்? பக்கத்து வீட்டில் மலாய்க்காரர்கள் ஜாவியிலிருந்து ரூமிக்கு வந்தார்கள். மொழி நாட்டையே ஆள்கிறது, பழைய ஹிகாயத்தின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துப் படிக்கத்தான் பலருக்குத் தடுமாற்றம். இவ்வளவு பக்கத்தில் உதாரணம் இருக்க, நம் ஆள் மங்கோலியாவுக்கு டிக்கெட் எடுக்கிறார்.

சிங்கப்பூர் நாணயத்தில் தமிழ் எழுத்து அழகாக இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 100க்கு 2.5 பேர். இங்கே மலேசியாவில் ழகரம் அச்சடித்த டீ-சட்டை நன்றாக விற்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வருகிறவன் ஒரு கதைப்புத்தகம் வாங்க மாட்டான், ரோமன் எழுத்தில் பதினோரு பக்கம் தமிழ் எழுதிய பெண்ணை மட்டும் வாசலில் நிறுத்துவான். நான் டீ-சட்டை போடுவதில்லை. நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தன்.

தமிழை ரோமனுக்கு மாற்றச் சொல்லவில்லை. மங்கோலியாவைப் படித்த பிறகு அதற்கு நான் இன்னும் பிடிவாதமான எதிரி. அந்தப் பெண் எப்படியாவது தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் புதுமைப்பித்தன் அவளுக்குப் பூட்டிய அலமாரி. ஆனால் கதையை வாங்கிக்கொண்டுதான் அதைச் சொல்ல முடியும். திருப்பி அனுப்பிவிட்டு யாருக்குச் சொல்வது? போட்டி விதியில் ஒரு வரி மாற்றினால் போதும்: எந்த எழுத்தில் வந்தாலும் வாங்குவது, தேர்வானால் எழுதியவரோடு உட்கார்ந்து தமிழ் எழுத்தில் பெயர்ப்பது. ஏற்பாட்டாளர்களிடம் சொல்லிவிட்டேன். பெரியவரிடமும் சொன்னேன். "நீ கெட்டுப் போயிட்ட" என்றார். இளைய நண்பர், ரோமனிலேயே அச்சிட வேண்டியதுதானே என்று என்னைக் கோழை என்கிறார்.

அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். "பரவாலண்ணே, அடுத்தத இங்கிலீஷ்ல எழுதிட்டேன்" என்றாள். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். பழைய கதையைத் தமிழில் தட்டச்சு செய்ய அனுமதி கேட்டேன், சரி என்றாள். ஏழு பக்கம் முடித்திருக்கிறேன். எட்டாவது பக்கத்தில் விடியற்காலை தாதி வந்து நிற்கும்போது பாட்டி ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: வி-ஏ-எல்-ஐ. வலி என்கிறாளா, வீட்டுக்கு வழி கேட்கிறாளா தெரியவில்லை. கதையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.